எட்டு மணி நேரம்

விரலியை லோயாட்டில் வாங்கி வந்தாள்,
பத்தொன்பது வெள்ளி.
அதற்குள் ஒரு முழு வீடு மடிந்து கிடக்கிறதாம்,
குடிபுக இடம் மட்டும் வேண்டுமாம்.
கூடவே மழையில் நனைந்த பொட்டலம்,
கரிப்பாப் மூன்று.

மடிக்கணினி என்னுடையது.
தவணையில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி.
செந்தூலில் பாதிக் கல்யாணம்
பத்திரிகையாய் இதில்தான் பிறக்கிறது.
குத்துவிளக்கு, மாவிலை, புறா, சிலுவை,
பழைய அமைப்பை விட்டு
ஒரு படிகூட இறங்கமாட்டாத என் எழுத்துருக்கள்.

"அதை ஒன்றும் செய்யமாட்டேன் அக்கா,
பக்கத்தில் ஓர் அறை தடுத்துக்கொள்கிறேன்"
என்றாள் யோகவாணி,
பதினோராம் மாடியில்
இரண்டு கட்டில் போட்டதால்
கதவு முழுதாய்த் திறக்காத அறையிலிருந்து.

முதலில் சுருக்க வேண்டும்.
நூறு கேட்டாள்.
வட்டு நாற்பதுக்கு மேல் விடவில்லை.
நடுவில் எதுவோ நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது,
கல்யாண மண்டபத்தில் முன்வரிசை மாமா மாதிரி.
எது என்று இயந்திரம் சொல்லவில்லை.
நாற்பதே போதும் என்றாள்.
திரையில் ஒரு கறுப்புப் பட்டை:
ஒதுக்கப்படாத இடம்.
எங்கள் வீட்டில் அப்படி ஒன்றை
நான் பார்த்ததே இல்லை.

பழையது அணைந்தாலும் அணையாதாம்,
ஒரு கண்ணைத் திறந்துவைத்தே தூங்குமாம்.
அந்தக் கண்ணையும் மூடவைத்தாள்.
எனக்கு அது பிடிக்கவில்லை.

"எல்லாவற்றையும் நகலெடுத்தாயா?"
"ஏறக்குறைய."
"ஏறக்குறைய என்றால்?"
அழுத்திவிட்டாள்.
கீழே ரயில் ஒன்று நின்றது, போனது.
இன்னொன்றும் நின்றது, போனது.

மறுபடி உயிர் வந்தபோது
கறுப்புத் திரையில் நான்கு வரி.
முதல் வரி அவளுடைய புதுசு,
அடுத்த இரண்டும் அதன் உறவுக்காரர்கள்.
கடைசியில் நான்.
பத்து விநாடி யாரும் தொடாவிட்டால்
அவள் பக்கமே திறந்துகொள்ளுமாம்.

தவணை கட்டுகிறவள் நான்,
நான்காவது வரியா எனக்கு என்று தொடங்கி
அவள் கல்லூரிக் கட்டணம்வரை போய்விட்டேன்.
அப்போது மணி ஒன்பதரை.
அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்.
அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பத்தேகாலுக்குச் சவரிநாதன் அண்ணன் செய்தி:
மாப்பிள்ளையின் தகப்பன் நான்,
என் பெயரில் சின்ன ரி,
நீ பெரிய றி போட்டிருக்கிறாய்,
காலையில் அச்சுக்குப் போகிறதே அம்மா.

நான்கு முறை கீழ் அம்பை அழுத்தி,
இல்லை, மூன்று முறை,
என் பக்கத்தைத் திறந்தேன்.
எல்லாம் இருந்தது, புறாகூட.
றியை எடுத்து ரியை வைத்துச் சேமித்தேன்.
சேமித்த நேரம்:
மத்தியானம் இரண்டு இருபது.

அண்ணன் கேட்பதற்கு
எட்டு மணி நேரம் முன்பே திருத்திவிட்டிருக்கிறேன்.
கையில் ஆதாரம் இருக்கிறது.

"வாணி, உன் ஆள் என் கடிகாரத்தைக் கெடுத்துவிட்டான்."

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:
"கெடுக்கவில்லை.
அவன் கிரீனிச் மணியை எழுதிவைக்கிறான்,
உன்னுடையது அதையே நம்மூர் மணி என்று படிக்கிறது.
இரண்டு பேர் மேலும் தப்பில்லை.
ஒரு வரி அடித்தால் சரியாகிவிடும்."

எழுந்து உட்கார்ந்தாள் அடிக்க.

இரண்டு இருபதுக்கு
இவள் குடையில்லாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
துண்டை எடுத்துக் கொடுத்தேன்.
தலையைத் துவட்டு, சளி பிடிக்கும் என்றேன்.
இரண்டு இருபதுவரை
நான் சொன்னது அவ்வளவுதான்.

"காலையில் அடி" என்றேன்.

பொட்டலத்தில் ஒன்று மிச்சம் இருந்தது.
பிட்டதில் உருளைக்கிழங்கு எல்லாம்
ஒரே பக்கம் போய்விட்டது.
அந்தப் பக்கத்தை நீட்டினேன்.

"ஆறிப்போச்சு" என்றாள்,
தின்றுகொண்டே.